மலையகத்திலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில்: கரையிறங்கி நடக்க நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

அலாஸ்கா என்றதும் மூச்சு உறையும் குளிரைத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கப்பல்கள் போகும் தென்கிழக்கு அலாஸ்காவில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் 17, 18 பாகை செல்சியஸ். நுவரெலியாவின் சாதாரண நாள் ஒன்றும் அப்படித்தான். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வளர்ந்தவருக்கு அந்தக் குளிரும் பழக்கம், ஏற்றமும் பழக்கம். பழக்கமில்லாதவை வேறு: திறந்த படகில் மணிக்கணக்கில் முகத்தில் அடிக்கும் ஈரக் காற்று, கப்பல் புறப்படும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட நடை, அப்புறம் கரடி.

கனடாவில் பிள்ளைகளோ உறவினரோ இருக்கிற குடும்பங்கள் இப்போது மலையகத்திலும் இருக்கின்றன. அவர்களைப் பார்க்கப் போகிற சாக்கில் வன்கூவரிலிருந்து ஒரு வாரம் அலாஸ்கா போய்வரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நீச்சல் தடாகம் எத்தனை, சாப்பாட்டு மண்டபம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நடக்க விரும்புகிறவருக்கு வேண்டியது அந்த ஒரு கணக்குத்தான்.

முதலில் கடதாசி வேலை

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இரண்டு விசா வேண்டும், கனடாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. வன்கூவரில் ஏறினால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அந்தத் துறைமுகத்திலேயே முடிந்துவிடும். “சியாட்டிலில் ஏறினால் கனடா விசா வேண்டியதில்லையே?” என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் தொட்டுப் பயணிகளைக் கொண்டுபோய்த் திரும்ப முடியாது. நடுவில் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்று வரவேண்டும். பெரிய கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டே திரும்புகின்றன, அதுவும் பல நேரம் இருட்டுகிற வேளையில். கனடா விசாவைப் பல தடவை நுழையக்கூடியதாகவே கேளுங்கள்.

நம்மவர்களுக்கு இதற்கு முந்திய வேலை ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, தகப்பன் பெயர் இன்னொரு மாதிரி இருப்பது மலையகத்தில் சர்வசாதாரணம். சிங்களத்தில் எழுதிய பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எழுத்து கூடியோ குறைந்தோ போயிருக்கும். விசா விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கிய பிறகு இது கண்ணில் பட்டால் மாதக்கணக்கில் இழுபடும். ஆகவே பயணத்தை நினைத்த அன்றே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை போகாமல் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்திலும் வேலையை முடிக்கலாம். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

அமெரிக்க விசாவுக்குக் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம் உண்டு. கனடாவுக்குக் கைவிரல் அடையாளம் கொடுக்க வேண்டும். இரண்டும் கைக்கு வரும்வரை கப்பலுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள். பொதுவாக மூன்று மாதத்துக்கு முன்பே முழுத்தொகையும் கேட்பார்கள் என்பதால், விசா வேலையை ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்குவதுதான் புத்தி. முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பாருங்கள்.

காப்புறுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம், ஆனாலும் வெளியூரிலிருந்து அங்கே போக வீதியே கிடையாது. கடல் அல்லது வானம்தான் வழி. அப்படிப்பட்ட இடத்தில் கால் முறிந்தால் விமானத்தில்தான் ஏற்ற வேண்டும். மருத்துவ விமானச் செலவு உள்ளடங்கிய காப்புறுதியாகப் பார்த்து எடுங்கள்.

எந்த மாதம், எந்தப் பாதை

கப்பல்கள் ஓடுவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை. தென்கிழக்கில் மழை குறைவான காலம் மே, ஜூன். செப்டெம்பர், ஒக்டோபரில் கொட்டித் தீர்க்கும். ஜூலைக்குப் பிறகு சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும், அவற்றைத் தேடிக் கரடிகள் ஓடைக்கு வரும். மே மாதத்தில் கட்டணம் குறைவு, ஆனால் மேல்மலைப் பாதைகளில் பனி இன்னும் கிடக்கும். எனக்குக் கேட்டால் ஜூன் நடுப்பகுதி. பகல் வெளிச்சம் பதினெட்டு மணி நேரம் இருக்கும். தூங்குவதற்குக் கண்பட்டி வேண்டிவரும்.

வன்கூவரிலிருந்து போய் வன்கூவருக்கே திரும்பும் ஏழு இரவுப் பயணம் முதல்முறை போகிறவருக்குப் பொருந்தும். பெரும்பாலான நேரம் தீவுகளுக்கு நடுவில் போவதால் கடல் அமைதியாக இருக்கும். வடக்கே சீவர்ட் அல்லது விட்டியர் வரை போகும் ஒருவழிப் பயணத்தில் திறந்த கடல் வரும், வயிறு புரளும், திரும்பிவர விமானச் செலவும் சேரும்.

கால அட்டவணையை எடுத்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே நிற்கும் மணிகளை எழுதுங்கள். எட்டு மணிக்குக் குறைந்தால் பெரிய நடை எதையும் நினைக்க வேண்டாம். இறங்க ஒரு மணி, திரும்பிவந்து சேர ஒரு மணி என்று கழித்தால் மிஞ்சுவது ஆறுக்கும் குறைவு. பல கப்பல்களில் புறப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும்.

அறுபது முதல் நூறு பேரை மட்டும் ஏற்றும் சிறு கப்பல்களும் ஓடுகின்றன. கயாக் படகுகள் கப்பலோடே வரும், துறைமுகமே இல்லாத குடாக்களில் இறக்கிவிடுவார்கள். வனத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. விலை பெரிய கப்பலைப்போல் பல மடங்கு. பணம் இருந்தால் யோசிக்காமல் அதில் போங்கள். இல்லாதவருக்குத்தான் மீதி வழிகாட்டி.

துறைமுகம் துறைமுகமாக

ஜூனோவில் நேரம் அதிகம் கிடைத்தால் பயணம் பாதி வெற்றி. ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் மெண்டன்ஹால் பனிப்பாறை. அங்கிருந்து நகெட் அருவிக்குப் போகும் பாதை ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீற்றர் சொச்சம், பெரும்பாலும் சமதரை. வயதான அம்மா அப்பாவையும் கூட்டிப்போகலாம். கப்பல் துறையிலிருந்து போகும் பஸ்களில் இடம் தீர்ந்துபோவதுண்டு, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஊர்ப் பொதுப் பஸ் மலிவு, ஆனால் பனிப்பாறைக்கு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும்போதே இறக்கிவிடும். நமக்கு அது ஒரு தூரமா?

காலில் பலம் உள்ளவர்கள் ஊருக்குள்ளேயே தொடங்கும் ரொபர்ட்ஸ் மலைப் பாதையில் ஏறலாம். தொங்கு வண்டியின் மேல்நிலையம் 550 மீற்றர் உயரத்தில். வேர்களும் சேறுமாக, காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். ஏறுவது நடந்து, இறங்குவது வண்டியில் என்று வைத்துக்கொண்டால் முழங்கால் தப்பும்.

ஹெலிகொப்டரில் போய்ப் பனிப்பாறை மேல் இறங்கி, சப்பாத்தில் இரும்பு முள் கட்டி நடப்பதுதான் ஜூனோவின் பெரிய கவர்ச்சி. பல நூறு டொலர் ஆகும். மூடுபனி வந்தால் ரத்து. பணம் திரும்பும், நாள் திரும்பாது. ஆகவே ஹெலிகொப்டர் பதிவு செய்கிறவர் கையில் இரண்டாவது திட்டம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். திமிங்கிலம் பார்க்கப் படகில் போவது நல்ல மாற்று. குளிர்காலத்தை ஹவாயில் கழித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன.

ஸ்காக்வே, நம்மவர்களுக்குப் பிடித்துப்போகும் ஊர். காரணம் ரயில். தங்கம் தேடிக் கிளம்பிய கூட்டத்துக்காக 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த பாதை, கடல்மட்டத்திலிருந்து 32 கிலோமீற்றருக்குள் 873 மீற்றர் ஏறுகிறது. ஹட்டன் ரயில் நிலையமே 1,200 மீற்றருக்கு மேல், பட்டிப்பொல 1,898 மீற்றர் என்பதால் உயரத்தைக் கேட்டு நாம் அசரமாட்டோம். ஆனால் அந்தச் சரிவைப் பார்த்தால் கோச்சியில் பிறந்து வளர்ந்தவரும் ஜன்னலைப் பிடித்துக்கொள்வார். தண்டவாள இடைவெளி வெறும் மூன்று அடி, நம்முடையது ஐந்தரை அடி. பெற்றோரை ரயிலில் ஏற்றிவிட்டு, நீங்கள் அந்த ரயில் ஏறிப்போகும் மலைக் கணவாயிலிருந்து சைக்கிளில் கீழே வரலாம். வாகனத்தில் மேலே ஏற்றி, சைக்கிள் கொடுத்து விடுவார்கள். கனடா எல்லையைத் தாண்டும் சுற்றுலா என்றால் கடவுச்சீட்டைக் கப்பல் அறையில் விட்டுவிடாதீர்கள்.

காசு செலவில்லாமல் நடக்க, ஊர் எல்லையிலேயே கீழ் டூவி ஏரிப் பாதை. தொடக்கத்தில் 150 மீற்றர் சுருக்கென்று ஏற்றம், மேலே மரங்களுக்கு நடுவே அமைதியான தண்ணீர். பெரும்பாலானோர் நகைக்கடைகளில் நின்றுவிடுவதால் பாதையில் கூட்டம் குறையும்.

கெட்சிகன் மழைக்குப் பேர்போன ஊர். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. வட்டவளைக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார், அங்கே 5,000-ஐத் தாண்டும். மான் மலைப் பாதை 900 மீற்றர் உச்சி வரை போகிறது, ஆனால் இங்கே கப்பல்கள் பெரும்பாலும் குறைந்த நேரமே நிற்கும். முதல் காட்சிமுனை வரை ஏறித் திரும்பினால் போதும். ஜூலை, ஓகஸ்டில் ஊருக்குள் ஓடும் ஓடையில் சால்மன் ஏறுவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம்.

ஹூனா ஊருக்குப் பக்கத்திலுள்ள ஐசி ஸ்ட்ரெயிட் முனையில் ஒன்றரை கிலோமீற்றருக்கு மேல் நீளும் கம்பிச் சறுக்கு இருக்கிறது. கரையில் நின்றே திமிங்கிலமும் தென்படும். சிட்கா வந்தால் கடலோரப் பூங்காவில் செதுக்குத் தூண்களுக்கு நடுவே நடந்துவிட்டு வாருங்கள். 1867-இல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவிடம் கையளித்தது அந்த ஊரில்தான்.

கிளேசியர் பே எனும் பனிக்குடாவில் பெரிய கப்பலிலிருந்து யாரும் இறங்குவதில்லை. ஆனாலும் அட்டவணையில் அது இருக்கிற கப்பலையே எடுங்கள் என்பேன். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி, பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். 1700-களின் நடுவில் அந்தக் குடா முழுவதும் பனிக்கட்டி. அதற்கும் முன்பு அங்கே வாழ்ந்த டிலிங்கிட் எனும் பூர்வகுடி மக்களை, முன்னேறிவந்த பனிப்பாறைதான் ஊரைவிட்டுத் துரத்தியது. அவர்கள் போய்க் குடியேறிய ஊர் ஹூனா. இன்று பனி 100 கிலோமீற்றர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. அன்று காலையிலேயே சூடான உடுப்போடு மேல்தளத்தின் முன்பக்கம் போய் நில்லுங்கள். பனிச்சுவர் உடைந்து விழும்போது சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும், சத்தத்தைக் கேட்டுத் திரும்பினால் பார்க்கக் கிடைக்காது.

நம்ம மலையில் பயிற்சி

இந்தப் பயணத்துக்கு ஆயத்தமாக நம்மைவிட வசதியான ஊர் யாருக்கும் வாய்க்காது. மூன்று மாதம் போதும். முதல் மாதம் தோட்டத்து வீதியிலும் குறுக்குப் பாதையிலும், வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம், முதுகில் ஐந்து கிலோ பையோடு நடங்கள். பயணத்துக்கு வாங்கிய சப்பாத்தையே போடுங்கள், புதுச் சப்பாத்தோடு கப்பலேறிக் கொப்புளத்தோடு படுத்தால் கட்டிய காசு வீண்.

இரண்டாவது மாதம் ஹோர்ட்டன் சமவெளி. உலக முடிவையும் பேக்கர் அருவியையும் சுற்றிவரும் ஒன்பதரை கிலோமீற்றர், 2,100 மீற்றருக்கு மேல், காலைக் குளிரில். அலாஸ்கா நடைகள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து தொடங்குவதால், மெல்லிய காற்றில் பழகிய மூச்சு அங்கே மிச்சமாகவே இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து நடங்கள். “நான்கு மணி நேரத்துக்குள் வாசலுக்கு வந்துவிட வேண்டும்” என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் காத்திருக்காது என்ற பழக்கம் இங்கிருந்தே வரட்டும்.

மூன்றாவது மாதம் சிவனொளிபாதமலை, நல்லதண்ணிப் பக்கமாக. 5,500 படியளவு, ஏற்றம் மட்டும் 1,000 மீற்றர். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயிற்சி. தொடைத் தசை பழகாவிட்டால் அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்க முடியாது, கப்பலில் அடுத்த நாள் காலையில் அடுத்த துறைமுகம் வந்துவிடும். அதனால் மலை இறங்கிய மறுநாளே இன்னொரு சிறு நடை நடந்து பாருங்கள்.

மே, ஜூனில் கப்பல் ஏறுகிறவருக்கு டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலம் கச்சிதமாகப் பொருந்தும். ஓகஸ்டில் ஏறுகிறவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு: தென்மேற்குப் பருவமழை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஜூலை மாதத்தில் மழையும் காற்றும் ஒன்றாக அடிக்கும்போது இரண்டு மணி நேரம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். உங்கள் மழை உடுப்பு எங்கே ஒழுகுகிறது என்று ஹட்டனில் தெரிந்துகொள்வது நல்லது. அதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்து கிடக்கும், அங்கிருப்பவர்கள் ஒரு நாள் இந்தப் பக்கம் வர வேண்டியதுதான்.

தண்ணீர்ப் பழக்கம் நமக்குக் குறைவு. மலையகத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கயாக் ஓட்டுவது திட்டத்தில் இருந்தால், கித்துல்கலையில் களனி கங்கையில் ராஃப்டிங் ஒரு தடவை போய், உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் விழுந்து எழுந்து பாருங்கள். அந்தப் பயம் முதலில் கரைய வேண்டும்.

உடுப்பு

பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், ஜீன்ஸ் அதைவிட மோசம். உடம்போடு ஒட்டி பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன்மேல் பிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். தடித்த ஒரே கோட்டைவிட இது நல்லது, ஏறும்போது கழற்றலாம், நின்றால் போடலாம். நம் அம்மாமார் கொழுந்து பறிக்கும்போது கம்பளியும் படங்கும் போட்டு மழையைச் சமாளித்த அதே கணக்குத்தான்.

இவற்றுக்கு வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டாம். நுவரெலியா பஜாரில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஜாக்கெட், பிளீஸ் எல்லாம் குவிந்து கிடக்கும். தையல் ஓரத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், நீர் புகாத நாடா ஒட்டியிருந்தால் நல்ல சாமான். வீட்டில் பைப்புக்கு அடியில் பிடித்துச் சோதியுங்கள். தொப்பி, கையுறை இரண்டு சோடி, கம்பளிக் காலுறை. குடை வேண்டாம், மேல்தளக் காற்றில் நிற்காது. அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, அங்கே நடைபாதையில் காலில் ஏறும் அட்டை இல்லை. நுளம்பு தாராளமாக இருக்கிறது.

கரைச் சுற்றுலாவை யாரிடம் பதிவு செய்வது

கப்பல் நிறுவனத்திடம் எடுத்தால் விலை கூட, கூட்டமும் கூட. ஆனால் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாரிடம் எடுத்தால் சிறு குழு, நல்ல வழிகாட்டி, மலிவு. பிந்தினால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போகவேண்டும். என் கணக்கு இப்படி: ஊரைவிட்டுத் தூரம் போவது, வானிலையை நம்பியது எல்லாம் கப்பலிடம். ஊருக்குள் நடந்தே போகக்கூடியது எதற்கும் பதிவே வேண்டாம். நடுவில் உள்ள திமிங்கிலப் படகு போன்றவற்றை வெளியாரிடம் எடுக்கலாம், கப்பல் புறப்பட இரண்டு மணி நேரமாவது இருக்கத் திரும்பினால்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. அலாஸ்கா நேரம் வன்கூவர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதை அன்றைய அறிவித்தலில் பார்த்துச் சாதாரணக் கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாளையும் நிரப்பாதீர்கள். ஒரு பெரிய நடை, ஒரு படகு, ஒரு ரயில். மீதியைக் காலும் வானமும் தீர்மானிக்கட்டும்.

கரடியும் குளிர்நீரும்

கரடிக்குத் தேவை சத்தம். வளைவில் திடீரென்று ஆள் வந்து நிற்பதைத்தான் அது விரும்பாது. ஆகவே தனியாகப் போகாமல் பேசிக்கொண்டே நடங்கள், ஓடைச் சத்தத்தில் குரலை உயர்த்துங்கள். மலையேறும்போது அரோகரா போட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமில்லை. கண்டுவிட்டால் ஓடக் கூடாது; கையை உயர்த்தி, அமைதியாகப் பேசி, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடிக்கு அடிக்கும் மிளகாய்த் தெளிப்பானைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், வழிகாட்டி கொண்டுவருவார். மாசிச் சம்பலும் கருவாடும் பையில் கட்டிக்கொண்டு பாதையில் இறங்க வேண்டாம். கரையிறங்கும்போது பழம், காய்கறி, இறைச்சி கொண்டுபோகவும் தடை இருக்கிறது.

பனிப்பாறைக்குப் பக்கத்துத் தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேல்தான். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுபடும், அப்போது தண்ணீர் உள்ளே போனால் ஆபத்து. உயிர்காப்பு அங்கி முகத்தை மேலே தாங்கிக்கொண்டால் அந்த நிமிடம் கடந்துவிடும். அங்கியின் வாரைத் தளர்த்தாதீர்கள், படத்துக்காகப் படகில் எழுந்து நிற்காதீர்கள்.

கப்பலுக்குள்

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குமட்டல் வருகிறவர்கள் நடுப்பகுதியில் கீழ்த்தள அறை எடுங்கள், மாத்திரையைக் குமட்டலுக்கு முன்பே போடுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்றால் பதிவின்போதே சொல்லிவைத்தால் பருப்பும் சோறுமாவது கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டொலருக்கு மேல் சேவைப் பணம் தானாகக் கணக்கில் ஏறும், அதையும் வரவுசெலவில் சேருங்கள். கடலில் கைபேசியை விமானப் பயன்முறையில் (airplane mode) போடாவிட்டால் செய்மதிக் கட்டணம் கண்ணைக் கட்டும். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிட்டு வாருங்கள்.

ஏறும் நாளுக்கு முந்திய இரவே வன்கூவரில் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாறித்தான் ஆகவேண்டும், ஒரு விமானம் பிந்தினால் கப்பல் போய்விடும். டொரன்டோவில் உறவினர் வீட்டில் தங்கி வருகிறவர்களும் அன்று காலை விமானத்தை நம்ப வேண்டாம்.

இறங்கும் நாளுக்கு முந்திய இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். கடவுச்சீட்டு, மாத்திரை, மறுநாள் உடுப்பு, சப்பாத்து இந்த நான்கும் கைப்பையில் இருக்கட்டும். திரும்பும் விமானம் பகல் ஒரு மணிக்குப் பிறகு என்றால் அவசரப்படாமல் போகலாம்.